சொந்தக் கரண்ட்

பால்சாமி அந்தப் பழைய ஆம்னி வேனை வாங்கியது ஏலக்காய் மூட்டை அடிக்க. இப்போது அவரால் மூட்டை தூக்க முடியாது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, ஆசாரியை வைத்துப் பலகை அடித்து, மேலே மெத்தை போட்டார். தலைமாட்டில் சட்டை மாட்ட ஒரு கொக்கி. கால்மாட்டில் மெஷின் நிற்க ஒரு சட்டம். மெத்தைக்கு அடியில் ஒரு பெட்டி காலியாக இருந்தது. அதற்குள் வைக்கப் பேட்டரி வேண்டும் என்று போடியில் தேவாரம் ரோட்டில் இருக்கும் கிங்ஸ்லியின் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார்.

கிங்ஸ்லிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தோட்டக்காரர்களுக்கு யானை வராமல் சோலார் வேலி போட்டுக் கொடுப்பதுதான் அவனுடைய பிழைப்பு. அவனுடைய அப்பா ஏலக்காய் வாங்கி விற்றவர். அந்த வகையில் பால்சாமியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். "என்னண்ணே, குடி மாறப் போறீங்களா?"

"ஒரு ராத்திரிக்குத்தான்."

"ஒரு ராத்திரிக்கு இம்புட்டுச் சோலியா? லாட்ஜுல ரூம் போட்டாப் போச்சு."

"எம்மக வீட்டு வாசல்ல லாட்ஜு இல்லப்பு."

பால்சாமிக்கு ஐம்பத்தொன்பது வயது. மலையில், பூப்பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு ஏல எஸ்டேட்டில், இருபத்தெட்டு வருஷம் ஸ்டோரில் தீப் போட்டவர். பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் அங்கே ஸ்டோர் என்று பேர். விறகுப் புகை நெஞ்சில் படிந்து, நுரையீரலில் பாதிதான் வேலை செய்கிறது என்று தேனி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பகலில் மெதுவாக நடந்தால் ஓட்டிவிடலாம். படுத்தால் ஆக்சிஜன் மெஷின் வேண்டும். முழங்கால் உயரத்துக்கு, சக்கரம் வைத்த பெட்டி. சுற்றியிருக்கும் காற்றை இழுத்து, சலித்து, ஒரு குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். அது ஓடக் கரண்ட் வேண்டும். பதினாலு மாசமாக அவர் போடியில் ஒரு வாடகை அறையில், ஒரே சுவரில், ஒரே ப்ளக்குக்குப் பக்கத்தில்தான் தூங்கினார்.

அவருக்கு இருப்பது ஒரே மகள். தேவி. அதே எஸ்டேட்டில் காய் எடுக்கிறாள். அவர் குடியிருந்த அதே லயத்து வீட்டில்தான் அவளும் புருஷன் லிங்கேஸ்வரனும் பையனும் இருந்தார்கள். பத்து வீடு ஒரே சுவரில் ஒட்டி நிற்கும் வரிசை அது. மாசம் ஒரு தடவை போனில் பால்சாமி கேட்பார், ஒரு ராத்திரி வந்து இருந்துட்டுப் போகவா என்று.

"இங்க கரண்ட் இருந்தாத்தானப்பா," என்பாள் தேவி. "ஒரு காத்தடிச்சா ரெண்டு நாளைக்கு வர்றதில்ல. ராத்திரி மெஷின் நின்னு போச்சுன்னா நான் யாரைப் போய்க் கூப்பிட? கரண்ட் மட்டும் ஒழுங்கா இருந்தா வரலாம்."

அவர் நம்பினார். மரம் விழுந்து கம்பி அறுந்தால் அந்தப் பக்கம் எத்தனை நாள் இருட்டாகக் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். நம்புவது வசதியாகவும் இருந்தது.

மாசியில் எஸ்டேட் காளியம்மனுக்குக் கும்பிடு, வருஷத்துக்கு ஒரு தடவை வரும் திருவிழா. அதற்கு முன்னால் ஒருநாள் போனில் சொன்னார், "கும்பிடுக்கு வர்றேன். கரண்ட நானே கொண்டாரேன்." மறுமுனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, வாங்க," என்றாள்.

அவளுடைய அம்மா சாகும் வரைக்கும் அவள் அவரை வா, போ என்றுதான் பேசினாள்.

*

"சாதா பேட்டரி போட்டா ஆகாதா?" என்று கேட்டார் பால்சாமி.

"ஆகும். நூறு கிலோ கனம் ஏறும். அதுவும் பாதிக்கு மேல இழுத்தீங்கன்னா ஆறே மாசத்துல படுத்துரும். உங்க ஆம்னி பதினேழு வளைவு ஏறணும்ல? லித்தியம்னா இருபது, இருபத்திரண்டு கிலோதான். நாலு செல்லு. வரிசையாக் கட்டுனா பன்னெண்டு வோல்ட்டு. பழைய செல்லுதான், ஆனா உங்க மெஷினு பதினொரு மணி நேரம் ஓடும். நான் பொறுப்பு."

கடைக்குள் தரையில் எட்டு செல்களை எடுத்து வைத்தான். ஏதோ கரண்ட் வண்டியிலிருந்து பிரித்தவை. நீலத்தாள் ஒட்டிய அலுமினியக் கட்டிகள், செங்கல்லை நிமிர்த்தி வைத்த மாதிரி, ஒவ்வொன்றும் அஞ்சு கிலோ.

"எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே அளவு. வோல்ட்டும் பாத்துட்டேன், எல்லாம் ஒண்ணு போலத்தான் காட்டுது. நாலு எடுத்து வைங்கண்ணே, இந்தா வந்துட்டேன்." போன் அடித்தது. ராசிங்காபுரத்தில் யாருக்கோ வேலி வேலை செய்யவில்லை. கிங்ஸ்லி வாசலுக்குப் போய் போனிலேயே அந்த ஆளோடு சண்டை பிடிக்க ஆரம்பித்தான்.

பால்சாமி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். அது காய் பார்த்த கை. உலர்ந்து இறங்கிய காயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் தெரிந்துவிடும். உருண்டு திரண்டு நின்றால் எட்டு மில்லிமீட்டர், முதல் தரம். ஒட்டிக் கிடந்தால் கழிவு. செல்களின் வயிற்றை அப்படித்தான் தடவினார். ஏழு தட்டையாக இருந்தன. ஒன்று மட்டும் நடுவில் லேசாக உப்பி, கைக்கு நிறைவாக இருந்தது. அதை முதலில் எடுத்து வைத்தார். பிறகு தட்டையில் கொஞ்சம் பரவாயில்லை என்று பட்ட மூன்றை எடுத்தார்.

கிங்ஸ்லி போனைக் காதில் இடுக்கிக்கொண்டே வந்து, நாலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, செம்புப் பட்டையால் இணைத்தான். எல்லாப் பிளஸ்ஸும் ஒரு பக்கம், எல்லா மைனஸும் ஒரு பக்கம்.

"மொதல்ல நாலையும் ஒரே தண்ணித் தொட்டியாக்கணும்ணே. ஒண்ணுல கொறைய, ஒண்ணுல கூட இருக்கக் கூடாது. மூணே முக்காலுக்குக் கொஞ்சம் கொறைய, மூணு அறுபத்தஞ்சு வோல்ட்டு வரைக்கும் மெதுவா ஏத்தணும். மூணு நாளாகும். நீங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

பால்சாமி போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணிக்கு ஒரு தடவை செல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"என்னண்ணே பாக்குறீங்க?"

"சூடே இல்லையேப்பு. ஏறுதா, இல்ல நின்னு போச்சா?"

"சூடாகக் கூடாதுண்ணே. சூடானாத்தான் நாம ஓடணும்."

இது பால்சாமிக்குப் பழகவே இல்லை. ஸ்டோரில் சுவர் ஆறினால்தான் பயம். சாயங்காலம் கடை அடைக்கும்போது கிங்ஸ்லி சார்ஜரை அணைத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினான். காலையில் கடை திறக்கும் முன்பே வந்து ஷட்டர் முன்னால் நின்றார். இரண்டாம் நாளும் அப்படித்தான்.

"ஏண்ணே இப்படிக் காவல் காக்குறீங்க? அது ஒண்ணும் ஓடிப் போகாது."

"போட்டதப் பாதியில விட்டுட்டுப் போயி எனக்குப் பழக்கமில்லப்பா."

சொன்ன பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டோரில் காய் ஏற்றினால் பதினெட்டு மணி நேரம், இருபது மணி நேரம். தீ ஒரே சீராக இருக்க வேண்டும். கொஞ்சம் தணிந்தால் பச்சை போய்க் காய் பழுப்படிக்கும். கூடினால் வெடிக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் ஸ்டோரில் முழு லோடு காய் இருந்தது. வீட்டில் அவருடைய மனைவி பேச்சிக்கு மூச்சு இளைத்தது. அவளும் அதே ஸ்டோரில் அவரோடு நின்று புகை குடித்தவள்தான். தேவி ஓடி வந்து கூப்பிட்டாள். எஸ்டேட் ஜீப் ஸ்டோர் வாசலிலேயே நின்றது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. காய் இறங்கட்டும், போவோம் என்றார். பேச்சிக்கு அடிக்கடி இழுக்கும், அடிக்கடி தானாக நிற்கும். அன்றைக்கு நிற்கவில்லை. காயை இறக்கிவிட்டு ஜீப்பை எடுத்தார். முந்தல் செக்போஸ்ட் வரும்போது பின் சீட்டில் தேவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த லோடு நல்ல பச்சையாக இறங்கியது. ஏலத்தில் அதற்கு நல்ல விலை கிடைத்தது என்று சூப்பர்வைசர் காரியத்துக்கு வந்தபோது சொன்னார். ஆறுதலாகச் சொல்கிறோம் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

*

மூன்றாம் நாள் மாலை கிங்ஸ்லி செல்களை வரிசையாகத் திருப்பி வைத்தான். இரண்டு பக்கமும் ப்ளைவுட் பலகை கொடுத்து, நீளமான நாலு போல்ட் போட்டு முடுக்கினான். உப்பியிருந்த செல் பலகைக்கு நடுவில் அமுங்கி மற்றதைப் போலவே ஆனது.

"கையில கெடக்குற காப்பைக் கழட்டுங்கண்ணே."

"ஏன்?"

"செம்பு. ரெண்டு முனையிலயும் சேந்து பட்டுச்சுன்னா காப்போட சேத்து மணிக்கட்டும் வெந்துரும். எஞ் ஸ்பேனரப் பாருங்க, கைப்பிடி பூரா டேப்பு."

பால்சாமி காப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பேரன் மொட்டைக்கு மலைக்கோயிலில் போட்டது. கழற்றிய இடம் வெள்ளையாக இருந்தது.

கிங்ஸ்லி ஒரு சின்ன போர்டை மாட்டினான். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மெல்லிய ஒயர் போனது. "இதுதான் வாத்தியாரு. நாலுல ஒரு பய தடுமாறுனாலும் மொத்த வகுப்பையும் நிறுத்திப்புடுவாரு." ஃப்யூஸ் போட்டான். பன்னிரண்டு வோல்ட்டை வீட்டுக் கரண்டாக்கும் இன்வெர்ட்டரை முன் சீட்டுக்குப் பின்னால் திருகினான். எஞ்சின் டைனமோவிலிருந்து நேராக ஒயர் இழுத்தால் டைனமோ எரிந்துவிடும் என்று நடுவில் அளந்து கொடுக்கிற சார்ஜர் ஒன்று வைத்தான். கடைசியில் மெத்தை ஓரத்தில் தீப்பெட்டி அளவு மீட்டர். அதில் நூறு என்று எரிந்தது.

"நாளைக்குப் பகல்ல வச்சு ஓட்டிப் பாருங்க. நேரத்தைக் குறிச்சுக்கங்க. பதினொரு மணி நேரம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குத் தெருவில் வேனுக்குள் மெஷினை ஏற்றி, குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தார். டக் என்று ஒரு தட்டு, புஸ்ஸென்று ஒரு மூச்சு, மறுபடி டக். பதினாலு மாசமாக அவரோடு பேசுகிற சத்தம் அது ஒன்றுதான்.

வீட்டுக்காரம்மா சந்திரவல்லி தண்ணீர்க் குடத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன பால்சாமி, வண்டிக்கே குடி போயிட்டியா? அப்ப ரூமக் காலி பண்ணித் தர்றியா?"

"மலைக்குப் போறேன் ஆத்தா. மக வீட்டுக்கு."

"அட! மகளா கூப்புட்டுச்சு?"

"ஆமா."

"நல்லது. எம் மீட்டரும் ஒரு ராத்திரி தூங்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் ஒன்று நாற்பதுக்கு மெஷின் ஒரு நீளமான விசில் அடித்து நின்றது. இன்வெர்ட்டரும் செத்தது. வேனுக்குள் திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. பால்சாமி மீட்டரைப் பார்த்தார். நாற்பது சதவீதம் மிச்சம் இருக்கிறது என்றது. மிச்சம் இருக்கிறது, ஆனால் வராது.

குழாயை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து, வெளியே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். ஆறு மணி நாற்பது நிமிஷம். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தால் விடியும் முன்பே முடிந்திருக்கும். லயத்து வாசலில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கும்பிடுக்கு எட்டு நாள் இருந்தது. வரவில்லை என்று சொல்லிவிட்டால் தேவி ஏன் என்று கேட்க மாட்டாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கிங்ஸ்லி பைக்கில் வந்தான். பெட்டியைத் திறந்து, கையில் கொண்டுவந்த மீட்டரின் முள்ளை ஒவ்வொரு செல்லிலும் வைத்தான். மூன்றில் மூணேகால் வோல்ட்டு. ஒன்றில் ரெண்டரை. அவன் போல்ட்டைத் தளர்த்தினான். தளர்ந்ததும் அந்த ஒன்று மறுபடி வயிறு தள்ளியது.

"இந்தக் கர்ப்பஸ்திரி எங்கிட்டு இருந்துண்ணே உள்ள வந்தா?"

"நான்தான் எடுத்தேன்."

"எட்டுல இது ஒண்ணுதான் உப்புனது. ஓரமாப் போடணும்னு நெனச்சேன், போன் பேச்சுல மறந்துட்டேன். இதப் போயி எப்படி..."

"அதுதாம்ப்பா நல்லா திரட்சியா இருந்துச்சு."

கிங்ஸ்லி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு பெட்டி மேலேயே உட்கார்ந்து சிரித்தான். "எட்டு மில்லின்னு நெனச்சுட்டீங்களாக்கும்! அண்ணே, ஏலக்காய் உருண்டா காசு. இது உருண்டா சாவு. உள்ள கெட்டுப்போயி வாயு கட்டி நிக்குது. நிறைஞ்ச மாதிரி வோல்ட்டு காட்டும், இழுத்தா ஒண்ணும் இருக்காது. இந்த ஒருத்தன் காலியானதும் மத்த மூணு பேரும் சரக்கை வச்சுக்கிட்டுச் சும்மா நிக்க வேண்டியதுதான்."

பால்சாமியும் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெரசா வேற ஒண்ணு போடு. மறுபடி மூணு நாளாகும்ல?"

"ஆகும். இந்தத் தடவ செல்ல நான் எடுக்குறேன். நீங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

மறுபடி இணைப்பு, மறுபடி மூன்று நாள், மறுபடி ஸ்டூல். இந்தத் தடவை உள்ளங்கையை வைத்துப் பார்க்கவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ஓட்டத்தில் மெஷின் பதினொரு மணி நேரம் பத்து நிமிஷம் ஓடியது. கிங்ஸ்லி அன்றே பேட்டரியை நூறுக்கு ஏற்றிக் கொடுத்தான்.

"நானும் வரட்டாண்ணே? தனியா மலை ஏறுறீங்க."

"வேணாம்ப்பு. அது எங்க வீட்டுச் சோலி."

*

கும்பிடு அன்று காலையில் கூலியாள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் எல்லாம் போகட்டும் என்று காத்திருந்து, எட்டு மணிக்குக் கிளம்பினார். முந்தலில் வண்டியை ஓரமாக நிறுத்தி மெஷினைப் போட்டார். குழாயைப் பின்னாலிருந்து நீட்டி மூக்கில் மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். மேலே போகப் போகக் காற்று அவருக்குப் போதாது. வளைவுகளில் முதல் கியரில் ஏறினார். எஞ்சின் கொடுத்ததும் மெஷின் குடித்ததும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாக இருந்தது. மீட்டர் மெதுவாகத்தான் இறங்கியது.

ஏழாவது வளைவில் காலி ஜீப் ஒன்று இறங்கி வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தான். "யோவ் பெருசு, மூக்குல என்னய்யா? பெட்ரோல் டியூபா?"

"ஆமாடா, ரிசர்வுல ஓடுது!" என்று கத்தினார் பால்சாமி. அன்றைக்கு அவருக்கு நல்ல மனசு இருந்தது.

போடிமெட்டில் டீ குடித்தார். எஸ்டேட்டுக்குப் போய்ச் சேரும்போது மீட்டரில் தொண்ணூற்றைந்து. மெஷினை நிறுத்தி, குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வெறும் மூக்கோடு மகள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வாங்க," என்றாள் தேவி. தண்ணீர் கொடுத்தாள். நாற்காலி போட்டாள். லிங்கேஸ்வரன் கும்பிடுக்குப் பந்தல் போட்ட இடத்திலிருந்து வந்து, "வாங்க மாமா. வண்டியில பெரிய செட்டப்பா போட்டுருக்கீங்க போல!" என்று வேனைச் சுற்றிப் பார்த்தான். மீட்டரைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்து தேவியைப் பார்த்தான். சொல்லாமல் பந்தலுக்குத் திரும்பிவிட்டான். பையனையும் கூட்டிக்கொண்டு போனான்.

பகலெல்லாம் கொட்டுச் சத்தம் கேட்டது. பால்சாமி கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். பழைய ஆட்கள் இரண்டு பேர் நலம் விசாரித்தார்கள். மற்றதெல்லாம் புது முகம். மேகம் இறங்கி, நாலு மணிக்கே விளக்கு போட வேண்டியிருந்தது. தேவியின் அடுக்களையில் வாசலோரம் பலகை போட்டு உட்கார்ந்து, அவள் தேங்காய் அரைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிக்ஸி ஓடியது. கரண்ட் இருக்கிறதே, நல்ல நேரம்தான் என்று நினைத்தார்.

ஆறரைக்குக் கரண்ட் போனது. பந்தல் லைட் அணைந்து, லயத்தில் மற்ற ஒன்பது வீடும் ஒரே நேரத்தில் இருண்டது. சின்னப் பிள்ளைகள் ஓவென்று கத்தின. தேவியின் அடுக்களை பல்பு ஒரு தடவை சிமிட்டியது. பிறகு நின்று எரிந்தது. அரிசி வாளிக்குப் பின்னால் எங்கிருந்தோ ஊம் என்று சத்தம் வந்தது.

பால்சாமி எழுந்து வாளியை நகர்த்தினார். சுவரில் இன்வெர்ட்டர். கீழே உயரமான தண்ணீர் ஊற்றும் பேட்டரி. ஒரு மாசத்துக்கு முன்னால் என்றால் அவருக்கு அது ஒரு பெட்டி, அவ்வளவுதான். இப்போது படிக்கத் தெரிந்தது. ஆறு மூடியிலும் மிதவை மேலே நின்றது; யாரோ தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். முனைகளில் பூசணம் இல்லை. துடைத்துக் கிரீஸ் தடவியிருந்தது. பக்கவாட்டில் கடைக்காரன் மார்க்கரில் எழுதிய தேதி. போன வருஷம் தை. அவர் மெஷின் வாங்கியது அதற்கு முந்தின மார்கழி.

"பாத்துட்டீங்களா," என்றாள் தேவி. அவள் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன். இது ஒரு ராத்திரி தாங்குமே."

"தாங்கும். அவருதான் கேட்டு வாங்குனாரு. மாமாவுக்கு ஆகும்னு. உங்களுக்குத்தான் வாங்குனது."

"பெறகு?"

"பெறகு கூப்பிட முடியல."

கொட்டுச் சத்தம் இருட்டிலும் நிற்காமல் கேட்டது. அவள் குழம்பைக் கிண்டிவிட்டு, கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"தேனி ஆஸ்பத்திரியில மொத மொதல்ல உங்களுக்கு அந்த மெஷினப் போட்டாங்கள்ல. பக்கத்துல நின்னேன். டக்கு புஸ்ஸு, டக்கு புஸ்ஸுன்னு அது இழுக்குது, நீங்க நல்லாத் தூங்குறீங்க. அம்மா இந்தா, இந்தச் சுவத்துல சாஞ்சுதான் இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. அந்தச் சத்தம் இந்த வீட்டுக்குள்ள கேட்டா என்னால இருக்க முடியாதுப்பா. நானும் ஓடி வந்து உங்களக் கூப்பிட்டேன். என்ன சொன்னீங்க?"

"காய் எறங்கட்டும்னு சொன்னேன்."

"எத்தன மணி நேரம்?"

"நாலு."

"அஞ்சே கால்," என்றாள் தேவி. "சுவத்துல கடிகாரம் இருந்துச்சு."

அந்தப் பதிலுக்கு அவரிடம் ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் இருந்தன. முழு லோடு. தீயை விட்டால் வேலை போகும், வேலை போனால் இந்த வீடு போகும். அவளுக்கு அடிக்கடி இழுக்கும்தானே, அடிக்கடி நிற்கும்தானே. சொல்ல வாயைத் திறந்தார். அவளும் திரும்பிப் பார்த்தாள், சொல்லட்டும் என்றுதான். இன்வெர்ட்டர் ஊம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாளியை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

"நான் வண்டிய ஸ்டோர்ப் பக்கம் போட்டுப் படுத்துக்கிறேன். அங்க இருந்து இங்க சத்தம் கேக்காது."

அவள் தட்டை எடுத்து வைத்தாள். "சாப்பிட்டுப் போங்க," என்றாள்.

சாப்பிட்டார். குழம்பில் உப்பு, புளி எல்லாம் பேச்சி வைத்த மாதிரியே இருந்தது.

ஸ்டோரில் இப்போது விறகு இல்லை, கேஸ். கும்பிடு என்பதால் காயும் ஏற்றவில்லை; கட்டடம் குளிர்ந்து கிடந்தது. பழைய புகைக்கூண்டு மட்டும் இடிக்காமல் நின்றது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த எஸ்டேட் ஜீப் நின்ற இடத்திலேயே ஆம்னியை நிறுத்தினார். வேறு சமமான இடம் அங்கே கிடையாது. குழாயை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் படுத்தார். டக், புஸ். எப்போது தூங்கினார் என்று தெரியவில்லை. தூங்க மாட்டோம் என்றுதான் நினைத்திருந்தார்.

விழித்தபோது கண்ணாடி பூராவும் வெளுத்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் இருபத்தேழு.

அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கிங்ஸ்லிக்குப் போன் போட்டார். சிக்னல் இல்லை. போனை மெத்தையில் போட்டுவிட்டு மெஷினை நிறுத்தினார்.

ஸ்டோர் பாதையில் தேவி வந்தாள். தலையில் துண்டு கட்டி, இடுப்பில் காய் எடுக்கும் வாளி. வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கையில் ஒரு தூக்குவாளியில் டீ. வேனின் பக்கவாட்டுக் கதவை அவர் தள்ளித் திறந்தார். அவள் உள்ளே வரவில்லை. டம்ளரில் ஊற்றி நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும் வரை மெத்தையை, கொக்கியில் தொங்கிய சட்டையை, சுருட்டி வைத்த குழாயை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராத்திரி பூராவும் ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"மிச்சம் இருக்கா?"

"இருக்கு. இன்னும் மூணு மணி நேரத்துக்கு."

டம்ளரை வாங்கிக்கொண்டாள். கவிழ்த்துப் பாதையோரப் புல்லில் உதறினாள்.

"மேகம் கலைஞ்ச பெறகு எறங்குங்க. வளைவு தெரியாது," என்று சொல்லிவிட்டு, செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள். பத்தடிக்குள் அவள் தெரியவில்லை. வாளி காலில் தட்டுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

பால்சாமி முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார். எஞ்சினைப் போடவில்லை. மேகம் கலையட்டும் என்று காத்திருந்தார்.